ஜோசபின் பட்லர் அம்மையார் (1828–1906)

இங்கிலாந்தில் பெண்களின் உயர்கல்விக்காகக் குரல் கொடுத்த முன்னோடிகளுள் ஒருவர் ஜோசபின் பட்லர் அம்மையார். நமது நூற்றாண்டு மலரில் அவருக்கு இடமளிக்க அதுவொன்றே போதும். ஆயினும் அவரை உலகம் நினைவுகூர்வது வேறொரு பணிக்காக.

அடிமை ஒழிப்புக்கு உழைத்த ஜோன் கிறேயின் மகளாகப் பிறந்து, 1852 இல் கல்விமானாகிய ஜோர்ஜ் பட்லரை மணந்தார். ஆண்பிள்ளைகள் மூவர், பெண் ஈவா ஒருத்தியே. 1864 ஆகஸ்டில் ஒரு மாலை பெற்றோர் வீடு திரும்பியபோது, அவர்களைக் காண மேல்மாடியிலிருந்து ஓடிவந்த ஈவா படிக்கட்டுக் கைபிடியைத் தாண்டிக் கீழே விழுந்தாள். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 5.

இப்படியான வேளையில் யார் செய்த பாவமோ என்று கேட்பவர் எவ்வூரிலும் உண்டு. பிறவிக் குருடனைக் கண்டு சீஷரே கேட்ட கேள்விதான் அது. ஆண்டவரோ குற்றவாளியைக் காட்டவில்லை. அவன் கண்களைத் திறந்தார்.

1866 இல் கணவர் லிவர்பூல் கல்லூரி அதிபராக, குடும்பம் அங்கு சென்றது. தம்மிலும் துயருற்றோரைத் தேடிய அம்மையார், பிரவுண்லோ ஹில் ஏழைகள் விடுதிக்குப் போனார். அங்கே நிலவறையில் ஆதரவற்ற பெண்கள் பழைய கப்பற் கயிற்றை நார் நாராகப் பிரித்துக்கொண்டிருந்தனர். அவரும் தரையில் அமர்ந்து பிரித்தார். கை வரவில்லை. பெண்கள் சிரித்தார்கள், உறவு அங்கேதான் தொடங்கியது. பிறகு அவர்களுட் சிலரைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்தார். முதலில் வந்த மரியன் சயரோகத்தால் அவ்வீட்டிலேயே இறந்தாள்.

அக்காலச் சட்டமோ வேறு விதமாக நினைத்தது. படைவீரரை நோயினின்று காக்கவெனத் துறைமுக, பாசறை நகரங்களில் சந்தேகத்துக்குரிய எந்தப் பெண்ணையும் பொலிஸார் பிடித்து வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். ஆணுக்குப் பரிசோதனை இல்லை. பழி முழுவதும் ஒருபாலார் தலையில். 1869 முதல் இதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். மதிப்புள்ள குடும்பப் பெண் வாயெடுத்துப் பேசும் விடயமா இது என்று பலர் முகஞ்சுளித்தனர். 1872 இல் பொண்டிபிராக்ட் நகரில் அவர் கூட்டம் நடத்திய வைக்கோற் பரணுக்குக் கீழே எதிரிகள் வைக்கோலுக்குத் தீ மூட்டினர். பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றனர். ஜோர்ஜ் அவர்களோ தம் திருச்சபை உயர்வு தடைப்படினும் மனைவியைத் தடுக்கவில்லை. இது எளிதிற் காணக்கூடியதன்று.

1886 இல் சட்டங்கள் நீக்கப்பட்டன. இந்தியப் படைமுகாம்களில் அதே முறை தொடர்வதை அறிந்து, அதற்கெதிராகவும் எழுதத் தொடங்கினார். 1906 டிசம்பர் 30 இல் காலமானார்.