ஒட்டிக்கொண்ட கம்பிகள்

குட்டீஸ்! உங்கள் வீட்டில் இரும்பு பீரோ இருக்கிறதா? அதன் கதவைத் திறந்து உள்பக்கத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், மிளகு அளவில் வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள் தெரியலாம். அங்கே ஆணி இல்லை, திருகு இல்லை, பசையும் இல்லை. ஆனாலும் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தகடுகள் பிரியாது. சில எவர்சில்வர் பாத்திரங்களின் கைப்பிடியிலும் இதே குழிகளைப் பார்க்கலாம். ஒரு காரின் உடல் பகுதியில் மட்டும் இப்படிச் சில ஆயிரம் புள்ளிகள் இருக்கும்.

இதற்கு ஸ்பாட் வெல்டிங் என்று பெயர். புள்ளி வைத்தது போல ஒரே ஓர் இடத்தில் உலோகத்தை உருக்கி ஒட்டவைப்பது. இந்த வித்தைக்கு அடிப்படை போட்டவர் எலிஹு தாம்சன். எடிசனைத் தெரிந்த அளவுக்கு இவரை நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் எடிசன் காலத்திலேயே, அவருக்குச் சமமாகப் பேசப்பட்டவர் இவர்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1853-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி தாம்சன் பிறந்தார். அப்பா இயந்திரத் தொழில் தெரிந்தவர். வீட்டில் மொத்தம் பதினோரு பிள்ளைகள்! நம் ஆள் இரண்டாமவர். தாம்சனுக்கு ஐந்து வயதானபோது, குடும்பம் கப்பலேறி அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குப் போய்விட்டது.

படிப்பில் படுசுட்டி. பதினோரு வயதிலேயே ஆரம்பப் படிப்பு முழுவதையும் முடித்துவிட்டார். அடுத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். பதின்மூன்று வயது ஆனால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? பையன் ஒல்லியாக இருக்கிறான், மூளைக்கு அதிக வேலை கொடுத்தால் உடம்பு கெட்டுவிடும், இரண்டு வருஷம் புத்தகத்தையே கண்ணில் காட்டாதீர்கள், ஓடி விளையாட விடுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை வேறு!

உங்களில் சிலர், ஆஹா, இதைவிட நல்ல அறிவுரை உண்டா என்று நினைப்பீர்கள். தாம்சனுக்கோ அது தண்டனை. புத்தகம் இல்லாமல் இருக்க முடியாது என்று கெஞ்சினார். கடைசியில் பெற்றோர் மனம் இளகிவிட்டது. புத்தகங்கள் திரும்பக் கிடைத்தன. அப்போது அவர் கைக்கு வந்த ஒரு வேடிக்கை விளையாட்டுப் புத்தகத்தில், காலி ஒயின் பாட்டிலை வைத்து மின்சாரம் உண்டாக்கும் கருவி செய்வது எப்படி என்று எழுதியிருந்தது.

விடுவாரா? பாட்டில் சுழல்வதற்கு ஒரு கைப்பிடி, அது சுழலும்போது உரசுவதற்கு ஒரு தோல் திண்டு. தலைமுடியில் சீப்பை உரசிக் காகிதத் துண்டை இழுப்பீர்களே, அதே தத்துவம்தான். வேகமாகச் சுற்றினால் சின்னச் சின்னப் பொறிகள் வந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா தொட்டுப் பார்த்தார். ஊசி குத்தியது போல்கூட இல்லை. சிரித்துவிட்டார்.

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் லேடன் ஜாடிகளைத் தானே செய்து, பாட்டில் கருவியோடு இணைத்தார். நிறையச் சுற்றி, நிறையச் சேர்த்துவிட்டு, மறுபடி அப்பாவைக் கூப்பிட்டார். இந்த முறை அப்பா தூக்கிவாரிப்போட்டு விலகினார். அதன்பிறகு மகனின் கருவிகளைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. (இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது. லேடன் ஜாடி விளையாட்டுச் சாமான் அல்ல.)

1866-இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார், 1870-இல் முடித்தார். பிறகு அதே பள்ளியில் ஆசிரியராகி, 1876-இல் வேதியியல் பேராசிரியர் ஆனார். அவருக்குப் பாடம் நடத்திய எட்வின் ஹூஸ்டன் இப்போது சக ஆசிரியர், நண்பரும் ஆகிவிட்டார். இருவரும் சேர்ந்து பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சி செய்தார்கள்.

இப்போது கம்பிகள் ஒட்டிக்கொண்ட கதைக்கு வருவோம்.

1877-ஆம் ஆண்டின் தொடக்கம். தாம்சனுக்கு வயது 23. பிலடெல்பியாவில் பிராங்க்ளின் நிலையம் என்ற அறிவியல் அமைப்பு உண்டு. அங்கே மின்சாரம் பற்றி விரிவுரைகள் நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதற்காக ஒரு சோதனையைத் தயார் செய்தார். தூண்டு சுருள் என்று ஒரு கருவி. அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று தடித்த கம்பி, சில சுற்றுகள்தான். மற்றொன்று முடி போன்ற மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். எல்லோரும் தடித்த கம்பியில் மின்சாரத்தைக் கொடுத்து, மெல்லிய கம்பியிலிருந்து நீளமான பொறியை எடுப்பார்கள்.

தாம்சன் தலைகீழாகச் செய்தார். லேடன் ஜாடிகளில் சேர்த்த மின்சாரத்தை மெல்லிய கம்பிக்குள் பாய்ச்சினார். தடித்த கம்பியின் இரு முனைகளும் சும்மா ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பளிச்! சோதனை முடிந்து பிரிக்கப் போனால், முனைகள் பிரியவில்லை. ஒன்றாக உருகி ஒட்டிக்கொண்டிருந்தன.

வேறொருவராக இருந்தால் எரிச்சலோடு கம்பியை வெட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். தாம்சன் யோசித்தார். அதுவரை இரும்பையும் இரும்பையும் சேர்க்க வேண்டுமானால் கொல்லர் உலையில் இரண்டையும் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துச் சேர்ப்பார். வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இங்கேயோ, இரண்டு உலோகமும் தொடும் அந்த இடத்திலேயே வெப்பம் பிறந்திருக்கிறது! உலை இல்லை, கரி இல்லை.

ஆனால் அந்த யோசனை எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவிளக்குகளுக்கான மின்னாக்கிகள் செய்யும் தொழிலில் தாம்சன் இறங்கினார். 1880-இல் வேலையை விட்டு நியூ பிரிட்டன் என்ற ஊருக்குப் போனார். 1883-இல் லின் நகரத்துக்கு மாறினார். நிறுவனத்தின் பெயர் தாம்சன்-ஹூஸ்டன். வேலை தலைக்கு மேல். 1885-இல்தான் ஒட்டிக்கொண்ட கம்பிகளைத் திரும்ப நினைக்க நேரம் கிடைத்தது. இயந்திரம் செய்தார். 1886 ஆகஸ்ட் 10-இல் காப்புரிமை கிடைத்தது. கம்பிகள், குழாய்கள், வண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டைகள் என்று முனையோடு முனை சேர்த்து ஒட்டும் இயந்திரங்கள் தொழிற்சாலைகளுக்குப் போயின. தகட்டின்மேல் தகட்டை வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு சிலரின் உழைப்பும் சேர்ந்து பரவியது.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு டிரான்ஸ்பார்மர். ஒரு பக்கம் நூறு சுற்று என்றால் மறுபக்கம் ஒரே ஒரு சுற்று, அதுவும் கட்டைவிரலைவிடத் தடித்த செம்பு. உள்ளே போகும் 230 வோல்ட், வெளியே வரும்போது இரண்டே கால் வோல்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். டார்ச் லைட்டில் இரண்டு பேட்டரி போட்டால் கிடைப்பதைவிடக் குறைவு! ஆனால் வோல்ட் நூறில் ஒன்றாகக் குறைந்தால், ஆம்பியர் ஏறக்குறைய நூறு மடங்கு பெருகும். உங்கள் வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுக்காது. ஸ்பாட் வெல்டரின் செம்பு முனைகளில் பாய்வது ஆயிரக்கணக்கான ஆம்பியர்! இரண்டு தகடுகளை இந்த முனைகளுக்கு நடுவே வைத்துப் பெடலை மிதித்தால், முனைகள் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும், மின்சாரம் பாயும். தகடும் தகடும் தொடும் இடத்தில்தான் மின்சாரத்துக்குத் தடை அதிகம். அங்கே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இரும்பு உருகிவிடும். மின்சாரம் நின்ற பிறகும் ஒரு கணம் பிடியை விடக் கூடாது. உருகியது உறைய வேண்டுமே!

இந்த இயந்திரத்தில் ஓயாமல் சுழலும் பாகம் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் இதற்கு ஆயுசு கெட்டி. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டிலேயே சிறு பட்டறை வைத்திருப்பவர்கள், தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட பல பத்தாண்டுப் பழைய ஸ்பாட் வெல்டரை வாங்கிவந்து உயிர்கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது இயந்திரத்தில் பதித்திருக்கும் பெயர்ப் பலகையை. எத்தனை வோல்ட், எவ்வளவு சக்தி என்று அதில் இருக்கும். தொழிற்சாலைக்கான 415 வோல்ட் இயந்திரத்தை வாங்கிவந்தால், வீட்டு இணைப்பில் அது வேலை செய்யாது. அடுத்து, டிரான்ஸ்பார்மரை மோந்து பார்ப்பார்கள். ஆமாம், மூக்கால்தான்! கருகிய வாடை வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். வாடை இல்லாவிட்டால், சுருளிலிருந்து இயந்திரத்தின் உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று மெகர் என்ற கருவியால் சோதிப்பார்கள். பிய்ந்துபோன பழைய ஒயரை மாற்றிவிடுவார்கள்.

பிறகு செம்பு முனைகள். பல லட்சம் தடவை அழுத்தி அழுத்தி அவை காளான் குடை போல விரிந்துபோயிருக்கும். விரிந்த முனையில் மின்சாரம் பரவிப்போகும், ஒரு புள்ளியில் குவியாது, இரும்பும் உருகாது. எனவே அரம் போட்டுப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள், அல்லது புது முனை மாட்டுவார்கள். பெரிய இயந்திரங்களில் முனைக்குள் தண்ணீர் ஓடும் துளை இருக்கும். அடைத்துக்கொண்ட அந்தத் துளையையும் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. செம்புக் கைகள் டிரான்ஸ்பார்மரோடு சேரும் இடத்தைக் கழற்றி, களிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. 230 வோல்ட்டுக்குக் கொஞ்சம் களிம்பு பெரிய தடை அல்ல. முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் இரண்டு வோல்ட்டுக்கு ஏது அந்த வலிமை? மெல்லிய அழுக்குப் படலம் போதும், பாதி மின்சாரம் அங்கேயே வீணாகிவிடும். செத்துப்போனது என்று தள்ளப்பட்ட பல இயந்திரங்களுக்கு உண்மையான வியாதி இந்த அழுக்குதான்.

எல்லாம் முடிந்தால் பரீட்சை. இரண்டு தகட்டுத் துண்டுகளை ஒரு புள்ளியில் ஒட்டி, குறடால் பிடித்துப் பிய்ப்பார்கள். புள்ளி அப்படியே கழன்று வந்தால் தோல்வி. புள்ளி விடாமல் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள தகடு கிழிந்து ஓட்டை விழுந்தால் வெற்றி! ஒன்றைக் கிழித்துப் பார்த்துத்தான் அது உறுதி என்று தெரிந்துகொள்ள முடியும் என்பது வேடிக்கைதான்.

ஒரு எச்சரிக்கை. வெளியே வருவது இரண்டு வோல்ட் என்றாலும், உள்ளே போவது உயிரை எடுக்கும் மின்சாரம். உருகிய இரும்புப் பொறிகள் கண்ணுக்கும் ஆபத்து. இந்த வேலையெல்லாம் கண்ணாடி அணிந்த, தொழில் தெரிந்த பெரியவர்களுக்கு.

தாம்சனுக்கும் வீட்டுப் பட்டறை என்றால் உயிர். 1892-இல் அவருடைய நிறுவனமும் எடிசனின் நிறுவனமும் இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற மாபெரும் நிறுவனம் உருவானது. நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்யும் ஆசை அவருக்கு இல்லை. ஸ்வாம்ப்ஸ்காட் என்ற கடலோர ஊரில் பெரிய வீடு கட்டிக்கொண்டு, கருவிகளோடு வாழ்ந்தார். தொலைநோக்கிக்கான பத்து அங்குலக் கண்ணாடி வில்லையைத் தாமே தேய்த்துச் செய்தார். வாங்கிய காப்புரிமைகள் 696!

1895-இன் கடைசியில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டபோது உலகமே அதைக் கொண்டாடியது. கை எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் சிலருக்குத் தோலில் புண் வந்தது. அது எக்ஸ்ரேயால்தானா, வேறு காரணமா என்று சர்ச்சை. 1896-இல் தாம்சன் தம் இடது கைச் சுண்டுவிரலை எக்ஸ்ரே குழாயின் அருகே வேண்டுமென்றே நீட்டி வைத்தார். சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரல் சிவந்தது, வீங்கியது, கொப்புளித்தது. வலியைத் தாங்கிக்கொண்டு, நடந்ததை எழுதி வெளியிட்டு மருத்துவர்களை எச்சரித்தார். ஏன் சுண்டுவிரல் என்கிறீர்களா? போனால் அதிகம் குறைபடாத விரல் அது. அதுவும் இடது கை. கருவி பிடிக்கும் வலது கையை அவர் பணயம் வைக்கவில்லை!

அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்வி நிலையத்துக்குத் தலைவர் இல்லாமல் தவித்தபோது, 1920 முதல் 1923 வரையிலான காலத்தில் தற்காலிகத் தலைவராக இருந்து உதவினார். வயது போதாமல் பள்ளி வாசலில் நின்ற பையன்தான் இவர்.

1937 மார்ச் 13-இல், 84-ஆவது பிறந்த நாளுக்குப் பதினாறு நாட்கள் இருக்கும்போது தாம்சன் காலமானார். ஸ்வாம்ப்ஸ்காட்டில் அவர் வாழ்ந்த வீடு பிறகு அந்த ஊரின் நகர மன்ற அலுவலகம் ஆகிவிட்டது. வரி கட்டவும் சான்றிதழ் வாங்கவும் வருகிற ஊர்க்காரர்கள் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள்.