அன்னா மாணி

அன்னா மாணி (ஆகஸ்ட் 23, 1918 – ஆகஸ்ட் 16, 2001) இந்திய இயற்பியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். வானிலைக் கருவிகள், சூரியக் கதிர்வீச்சு, ஓசோன், காற்றாற்றல் ஆகிய துறைகளில் ஆய்வுகள் மேற்கொண்டார். புவி சூடாதலைக் கட்டுப்படுத்த உதவும் சூரிய ஆற்றல், காற்றாற்றல் ஆகியவற்றுக்கான அடிப்படைத் தரவுகளை இந்தியாவில் திரட்டியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

அன்னா மாணி அன்றைய திருவிதாங்கூர் அரசின் பீர்மேட்டில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் இவர் ஏழாமவர். தந்தை கட்டடப் பொறியாளர்; ஏலக்காய்த் தோட்டங்களும் வைத்திருந்தார். எட்டாவது பிறந்த நாளில் வைரத் தோடுகளை மறுத்துக் கலைக்களஞ்சியத் தொகுதிகளைப் பரிசாகக் கேட்டுப் பெற்றார். காந்தியடிகளின் தாக்கத்தால் கதராடை அணியலானார்.

1939 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1940 இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கு சி. வி. இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து, 1942–1945 காலத்தில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். ஆனால் முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. பட்டம் இல்லாமலேயே இவரது ஆய்வு வாழ்க்கை தொடர்ந்தது.

1945 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். இயற்பியல் ஆய்வே இவரது விருப்பமாக இருந்தது. எனினும் கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகள் துறைக்கு உரியதாக இருந்தமையால் அத்துறையில் பயிற்சி பெற்றார்.

வானிலைத் துறைப் பணி

1948 இல் நாடு திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். 1953 இல் அப்பிரிவின் தலைவரானார். அவரின் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். அதுவரை எளிய கருவிகளும் வெளிநாட்டிலிருந்து வந்தன. ஏறத்தாழ 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே உருவாக்க வழிசெய்தார். பிழையான அளவீட்டைவிட அளவிடாமல் இருப்பதே மேல் என்பது இவரது கொள்கை.

1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். சென்னை, புனே, தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் இப்பணி தொடங்கியது. இதே காலத்தில், 1958 இல், சார்லசு கீலிங் அவாய் தீவின் மௌனா லோவாவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார்.

1963 இல் விக்கிரம் சாராபாயின் வேண்டுகோளின்படி தும்பா ஏவுதளத்தில் வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தார். 1960களில் பலூன் மூலம் வான்வெளி ஓசோனை அளக்கும் கருவி இவரது தலைமையில் உருவாக்கப்பட்டது. 1976 இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

சூரிய ஆற்றலும் காற்றாற்றலும்

ஓய்வுக்குப் பின் இராமன் ஆய்வு நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைத் தொகுத்து 1980களின் தொடக்கத்தில் இரு நூல்கள் வெளியிட்டார். 1983 இல் டி. ஏ. மூலேயுடன் இணைந்து காற்றாற்றல் தரவு நூலை வெளியிட்டார். பின்னர் நாடு தழுவிய காற்றாற்றல் அளவாய்வுக்குத் தலைமை தாங்கினார். காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றையும் பெங்களூரில் நிறுவினார்.

காற்றில் கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 10 விழுக்காடு கூட்டி அளந்தால், ஆற்றல் 33 விழுக்காடு மிகையாகக் கணக்கிடப்படும். அக்கணக்கை நம்பி நிறுவப்படும் காற்றாலை எதிர்பார்த்த மின்சாரத்தைத் தராது. எனவே ஆலை அமையும் இடத்தில் துல்லியமான அளவீடு இன்றியமையாதது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986 இல் அமைந்தன. அவற்றுள் தூத்துக்குடியும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய் வழியே விரைந்து வீசும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகள் பின்னர் காற்றாலைகளுக்குப் பெயர் பெற்றன.

காலநிலை ஆய்வில் பயன்

இவர் தொடங்கிய கதிர்வீச்சு அளவீடுகள் பிற்காலத்தில் காலநிலை ஆய்வுக்கும் உதவின. 12 நிலையங்களின் 1981–2004 காலத்துத் தரவுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், இந்திய நிலப்பரப்பை அடையும் சூரிய ஒளி குறைந்து வந்ததை 2007 இல் காட்டினர். காற்றிலுள்ள மாசுத்துகள்கள் ஒளியைத் தடுப்பதால், வெப்பமாதலின் ஒரு பகுதி வெளித்தெரியாமல் போகிறது. பல்லாண்டுகள் ஒரே முறையில் அளந்திருந்தமையாலேயே இம்மாற்றத்தைக் காண முடிந்தது.

சிறப்பும் மறைவும்

1987 இல் கே. ஆர். இராமநாதன் பதக்கம் பெற்றார். அன்னா மாணி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1994 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட இவர், 2001 இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.