ஐந்து கல் தொலைவு

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலுக்கு அருகில் சித்தன்னவாசல் குன்று உள்ளது. அங்குள்ள ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவியர் தங்குவதற்காக வழுவழுப்பான கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வுறைவிடத்தை அமைத்தோர் எப்பொருளையும் தொலைவிலிருந்து சுமந்து வரவில்லை. அங்கிருந்த பாறையே தரையும் கூரையும் படுக்கையும் ஆயிற்று. வீடு தான் நிற்கும் நிலத்திலிருந்தே எழ வேண்டும் என்னும் இப்பழைய அறிவை இருபதாம் நூற்றாண்டில் எளியோரின் இல்லங்களுக்காக மீட்டெடுத்தவர் லாரி பேக்கர்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917 மார்ச் 2 அன்று பிறந்த பேக்கர், 1937இல் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். போரை ஏற்காத குவேக்கர் நெறியைத் தழுவியவர் ஆதலால், இரண்டாம் உலகப்போரின்போது படைக்கலம் ஏந்தாமல் மருத்துவ உதவிக்குழு ஒன்றில் சேர்ந்து சீனா சென்றார். அங்குத் தொழுநோயாளரிடையேயும் பணியாற்றினார். தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அப்போதுதான் காந்தியடிகளைச் சந்தித்தார். கழிவுத் துணிகளைக்கொண்டு பேக்கர் தாமே செய்து அணிந்திருந்த காலணிகள் அடிகளின் கருத்தைக் கவர்ந்தன. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அவ்வீடு அமையும் இடத்திலிருந்து ஐந்து கல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்று அடிகள் கூறிய கருத்து அவர் நெஞ்சில் தங்கிவிட்டது.

1945இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோய்க்குப் புதிய மருந்துகள் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. நோயாளரை ஒதுக்கி வைத்த விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கற்ற கல்வி அங்குப் பெரிதும் கைகொடுக்கவில்லை. கறையானும் பருவமழையும் களிமண்ணும் பர்மிங்காம் பாடநூல்களில் இடம்பெறாதவை. 1948இல் மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியான பித்தோராகட்டுக்குச் சென்றபோது, வந்திருப்பவர் மருத்துவர் என்றறிந்த மலைவாழ் மக்கள் அவரை நாடி வரத் தொடங்கினர். சில நாள் தங்கச் சென்றவர்கள் பதினாறு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர். கல்லையும் மண்ணையும் மரத்தையும் கையாளும் முறையை அவ்வூர்த் தொழிலாளரிடமிருந்து பேக்கர் கற்றார். அவருடைய உண்மையான பல்கலைக்கழகம் அதுவே எனலாம்.

1963இல் கேரளத்தின் வாகமண்ணுக்கும் பின்னர்த் திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தார். அவருடைய கட்டடங்களில் புகழ்பெற்றவை பலவும் எழுந்தது திருவனந்தபுரத்தில்தான்.

கட்டடத்தில் தேவையற்றது எது என்பதே பேக்கர் எப்போதும் எழுப்பிய வினா. செங்கற்சுவர் தன்னளவிலேயே அழகாகவும் உறுதியாகவும் இருக்கும்போது பூச்சு எதற்கு? எனவே பூச்சை விலக்கினார். செங்கற்களைப் படுக்கையாக அடுக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாக்கினார். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், சாந்தும் குறையும், இடையில் நிற்கும் காற்று வெயிலின் வெம்மையை உள்ளே விடாமல் தடுக்கும். சன்னலுக்கு மரச்சட்டமும் கண்ணாடியும் செலவு மிக்கவை. அவற்றுக்கு மாறாகச் செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுத் துளைச்சுவர் எழுப்பினார். ஒளியும் காற்றும் அதன்வழி உள்ளே வந்தன.

கூரையில் அவர் செய்த மாற்றம் இன்னும் நுட்பமானது. கான்கிரீட் தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியின் இழுவிசையை இரும்புக் கம்பிகள் ஏற்கின்றன. ஆகவே, கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு இடையிலுள்ள கான்கிரீட் பெரும்பாலும் சுமையாகவே நிற்கிறது. அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினார் பேக்கர். கூரையின் எடை குறைந்தது. எடை குறையவே கம்பியின் தேவையும் குறைந்தது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுடவேண்டும். அப்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளியேற்றும் அவ்வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டால் வருவது என்று இன்று கணக்கிடுகின்றனர். இக்கணக்கு பரவலாகப் பேசப்படுவதற்கு முன்பே, ஒரு பொருளை உருவாக்கச் செலவாகும் ஆற்றலையும் விலையோடு சேர்த்து எண்ணியவர் அவர். செங்கற்சூளைக்கு எரியும் விறகும் அவரை உறுத்தியது. அதனால் சுடாத மண்ணால் கட்டும் முறையை எளிய படங்களுடன் விளக்கி நூல் எழுதினார்.

பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை அமைக்கும் பணி 1970களின் தொடக்கத்தில் பேக்கருக்கு வாய்த்தது. முதலமைச்சர் அச்சுத மேனன் துணை நின்றார். பூசாத சுவரும் ஓடு பதித்த கூரையும் நிலைக்குமா என்று ஐயுற்றோர்க்கு அவ்வளாகமே விடையாயிற்று. மரங்களை வெட்டாமல், அவை நின்ற இடத்துக்கேற்பச் சுவர்களை வளைத்தார். தம்பானூரில் சுருள்வடிவில் மேலேறும் இந்தியன் காபி ஹவுசும் அவர் கைவண்ணமே. தாம் வாழ்ந்த வீட்டைப் பயிர் விளையாத பாறைச் சரிவொன்றில் எழுப்பினார். இடிக்கப்பட்ட வீடுகளின் மரங்களும் எறியப்பட்ட வண்ணப் புட்டிகளும் அவருடைய கட்டடங்களில் புதுவாழ்வு பெற்றன. பயன்படுத்திய தாளின் பின்புறத்தில் வரைபடம் தீட்டிக்கொண்டு, கொத்தனார்களுடன் பணியிடத்திலேயே நின்று வேலை செய்தார்.

1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத் ஆகியோருடன் இணைந்து காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் அவர் விரும்பியபடி எல்லாம் நிகழ்ந்துவிடவில்லை. ஏழைகளுக்கென அவர் வகுத்த முறையை, ரசனை மிக்க நடுத்தர வகுப்பினர் ஆர்வத்துடன் ஏற்றனர். ஏழைகளில் பலரோ பூசி வண்ணமடித்த சிமெண்டு வீட்டையே மதிப்புக்குரியதாகக் கருதினர். அவர்களைக் குறைகூற இயலாது. மண்வீடு என்பது அவர்களுக்கு வறுமையின் அடையாளமாக இருந்தது. பேக்கர் முறையை அப்படியே படியெடுப்பதும் அவர் நோக்கத்துக்கு மாறானது. மழை மிகுந்த கேரளத்தின் செங்கல் வீடு, வறண்ட அன்னவாசலில் கல்லும் செம்மண்ணும் கலந்த வேறொரு வீடாகத்தான் அமைய முடியும்.

இந்தியக் குடியுரிமை பெற்று இந்தியராகவே வாழ்ந்த பேக்கர், 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவர் நிறுவிய அமைப்பு இன்றும் எளியோருக்கு வீடுகள் கட்டிவருகிறது.