ஆர்தர் ஹில் ஹாஸல்

ஒரு பொருளின் பயனைக் கண்டறிந்தாரைப் புகழ்தல் உலக வழக்கு. பயன் இன்னதென்று தெரியாதபோதும் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தாரை உலகம் எளிதில் மறந்துவிடுகின்றது. அங்ஙனம் எழுதி வைத்தவருள் ஒருவர் ஆங்கில நாட்டு வைத்தியராகிய ஆர்தர் ஹில் ஹாஸல். மனித சரீரத்தினுள்ளே இவர் பெயரைத் தாங்கிய நுண்ணுருக்கள் உண்டு. வைத்திய மாணாக்கர் அப்பெயரை அறிவர். அவர் சரித்திரத்தை அறிவார் மிகச் சிலரே.

இவர் 1817-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 13-ஆம் தேதி, லண்டன் மாநகருக்கு அணித்தாகிய டெடிங்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. 1834-இல் டப்ளின் நகரஞ் சென்று, உறவினராகிய சர் ஜேம்ஸ் மர்ரேயிடம் வைத்தியத் தொழில் பயின்றார். பூதக்கண்ணாடியில் இவருக்கிருந்த பற்று அளவிறந்தது. நன்னீரில் வளரும் பாசியினங்களை ஆராய்ந்து 1845-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் மனித சரீரத்தின் நுண்ணமைப்பைப் பற்றி 1846 முதல் மற்றொரு பெருநூலை வெளியிட்டார். அந்நூலிலேதான் தைமஸ் என்னும் உறுப்பின் விவரம் வருகின்றது.

மார்பெலும்பின் பின்னே, இருதயத்திற்குச் சற்று மேலாக, இரு மடல்களாய் அமைந்தது தைமஸ். இளமையிற் பருத்திருந்து, வாலிபம் எய்தியபின் சிறிது சிறிதாய்ச் சுருங்கிக் கொழுப்பாய் மாறுவது. அதன் மெல்லிய துண்டொன்றைச் சாயமூட்டிப் பூதக்கண்ணாடியில் நோக்கின், புறப்பகுதி லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் நெருங்கிக் கருமையாய்த் தோன்றும். உட்பகுதி வெளிறித் தோன்றும். அவ்வுட்பகுதியில், வெங்காயத்தின் தோல் ஒன்றையொன்று சூழ்ந்தாற்போல, தட்டையான அணுக்கள் சுற்றிச் சுற்றி அமைந்த உருண்டைகள் ஆங்காங்கே கிடக்கும். இவற்றையே ஹாஸல் கண்டு வருணித்தார். இவை எதற்காக உள்ளன என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர். எனினும், பயன் தெரியாமையால் அவர் அவற்றை விட்டுவிடவில்லை.

கண்டதை மறையாது கூறும் இக்குணம் பிறிதோரிடத்தில் அவருக்குப் பகைவரைத் தேடித் தந்தது. 1851 முதல் 1854 வரை லண்டன் கடைகளில் விற்ற உணவுப் பொருள்களை வாங்கி ஆராய்ந்தார். காப்பித் தூளிற் சிக்கரியும், ரொட்டியிற் படிகாரமும், மிட்டாய்களில் நச்சுச் சாயங்களும் கலந்திருப்பதை வெளிப்படுத்தினார். லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகை அம்முடிவுகளை வியாபாரிகளின் பெயரோடும் விலாசத்தோடும் வெளியிட்டது. இவ்வுழைப்பின் பயனாக 1860-இல் உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்பட்டது.

1866-இல் க்ஷயரோகம் அவரைப் பற்றியது. வைட் தீவிலுள்ள வெண்ட்னர் என்னும் கடற்கரையூருக்குச் சென்று உடல் தேறினார். தாம் பெற்ற நலத்தைப் பிறரும் பெறவேண்டுமென்று கருதி, நோயாளி ஒவ்வொருவருக்கும் தனியறை அமைந்த க்ஷயரோக வைத்தியசாலையொன்றை அங்கே நிறுவினார். அது 1964 வரை நடைபெற்றது. இறுதிக் காலத்தை இத்தாலியிலுள்ள ஸான் ரெமோவிற் கழித்து, 1894-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ஆம் தேதி காலமானார்.

தைமஸ் உறுப்பின் தொழிலை அறியாமலே அவர் மறைந்தார். அவர் மறைந்து 67 வருஷங்கள் கழிந்தபின், 1961-இல், ழாக் மில்லர் என்பார் பிறந்த எலிக்குஞ்சுகளினின்றும் அவ்வுறுப்பை நீக்கிப் பார்த்தார். அவை நோயை எதிர்க்கும் வலியிழந்து மெலிந்தன. அம்முடிவை வெளியிட்டதும் அதே லான்ஸெட் பத்திரிகையே. நோயை எதிர்க்கும் டி லிம்போசைட்டுகள் தைமஸிலேதான் பக்குவமடைகின்றன. சொந்த உடலையே தாக்கக் கூடியவற்றுட் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. எஞ்சியவற்றுட் சிலவற்றை அடக்கிக் காக்கும் அணுக்களாகப் பயிற்றுவதில் ஹாஸலின் உருண்டைகளுக்கும் பங்குண்டென்று 2005-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. க்ஷயரோகக் கிருமியோடு போராடுவதில் முதன்மையானவையும் அந்த டி லிம்போசைட்டுகளே. தம் உயிரைக் காத்த படை எங்கே பயின்றதென்பதை, அவ்விடத்தைக் கண்ணாற் கண்ட ஹாஸல் அறிந்திலர்.

சோதனைச் சாலையில் பூதக்கண்ணாடியின் முன் அமரும் மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக. புத்தகத்திற் கூறப்படாத ஒன்று கண்ணிற் படின், அதனைப் பிழையென்று அழித்துவிடாது, உள்ளவாறே வரைந்து வைத்தல் வேண்டும். அதன் பொருளை உணர்வார் பின்னர் வருவர்.