தீக்குச்சி தந்த பாடமும் பெசண்ட் அம்மையாரும்

அன்னி பெசண்ட் என்றதும் நம் தோழர்களின் நினைவுக்கு வருவது அடையாறும் ஆன்மிகமும் ஹோம் ரூல் முழக்கமும்தான். வரட்டும், தவறில்லை! நீதிக் கட்சி பிறந்த அதே 1916-இல்தான் அம்மையார் தன்னாட்சிக் கொடியை உயர்த்தினார். ஆட்சி வந்தால் அது யார் கைக்குப் போகும் என்று நம் முன்னோர் அன்றே கேட்டனர். அந்தக் கணக்கு வேறு. கோவில்பட்டிக் கரிசலிலே தீப்பெட்டித் தொழிலை நம்பிக் குடும்பம் நடத்தும் நம் தாய்மார்க்கு நாம் இன்று சொல்ல விரும்புவது அடையாற்று அம்மையாரின் கதையன்று. அவருக்கு முந்திய பெசண்டின் கதை.

1847-இல் இலண்டனிலே பிறந்தவர், 1867-இல் ஒரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். சிந்தித்தார், சந்தேகித்தார், 1873-இல் கணவரைப் பிரிந்தார். நாத்திகப் பெருவீரர் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை நூலொன்றை வெளியிட்டு, 1877-இல் குற்றவாளிக் கூண்டிலே நின்றார். சிறை தப்பிற்று, ஆனால் மறு ஆண்டு, பெற்ற மகளையே பிரித்தது நீதிமன்றம். நாத்திகத் தாயிடம் பிள்ளை வளரக்கூடாதாம்!

அந்தப் பெண்மணிதான் 1888 ஜூனில் ‘லிங்க்’ என்னும் தம் ஏட்டிலே, கிழக்கு இலண்டனின் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையைத் தோலுரித்துக் காட்டினார். பங்குதாரருக்கு நூற்றுக்கு 20-க்கு மேல் இலாபம்; பாடுபடும் பெண்ணுக்கோ பேசினால் அபராதம், காலிலே அழுக்கு இருந்தால் அபராதம், நேரம் கடந்து வந்தால் அபராதம்! எழுதியதெல்லாம் பொய் என்று கையெழுத்திடச் சொன்னது ஆலை. மறுத்தனர் பெண்கள். ஒருத்தியை வேலையைவிட்டு நீக்கியதும் சுமார் 1,400 பேர் வெளியேறினர். அம்மையார் வேலைநிறுத்தத்துக்கு அழைக்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எழுந்தவர்கள் ஏழைப் பெண்கள். நிதி திரட்டித் துணை நின்றவர் அவர். இரண்டு வாரங்களில் ஆலை பணிந்தது. அபராதம் ஒழிந்தது, உண்பதற்குத் தனி அறை கிடைத்தது.

உண்ண ஓர் அறை, இது ஒரு வெற்றியா என்று சிரிக்காதீர்கள்! அந்நாளில் குச்சி முனையிலே தோய்த்தது வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் ஆவி சொத்தைப் பல் வழியே இறங்கித் தாடை எலும்பை அழுக வைக்கும். தாடையையே அறுத்தெறிந்து உயிரைக் காக்க வேண்டிவரும். மருந்துக் காற்றிலே அமர்ந்து ரொட்டி தின்றவர்களுக்கு அந்தத் தனி அறை எவ்வளவு பெரிது!

ஆனாலும் நஞ்சு போகவில்லை. நஞ்சற்ற சிவப்புப் பாஸ்பரஸ் அப்போதே இருந்தது. 1891-இல் இரட்சணிய சேனையார் அதைக்கொண்டு, கூடுதல் கூலி தந்து, ஓர் ஆலை நடத்தினர். பத்தே ஆண்டில் அது பிரையன்ட் அண்டு மே கைக்குப் போயிற்று. மலிவான நஞ்சுக் குச்சி கடையில் இருக்கும்போது நல்ல குச்சி எப்படி விலைபோகும்? நல்ல முதலாளி ஒருவரால் ஆகிற காரியமன்று. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் சட்டம் வேண்டியிருந்தது. பின்லாந்து 1872-இலும் டென்மார்க் 1874-இலும் தடை விதித்தன. பிரிட்டனோ, வாணிபம் பாழாகும் என்ற வாதத்திலே மயங்கிக் கிடந்தது. 1898-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் எங்கே உரசினாலும் பற்றும், ஆனால் தாடையைத் தின்னாத மாற்று மருந்தைக் கண்டுபிடித்தனர். 1906-இல் பெர்ன் நகரிலே பல நாடுகள் கூடித் தடைக்கு உடன்பட்டன. 1908-இல் பிரிட்டன் சட்டம் செய்தது. 1913-இல் அதே தடை இந்தியாவுக்கும் வந்தது. செய்யாதே, விற்காதே என்றதோடு இறக்குமதியும் செய்யாதே என்றது சட்டம். அந்த மூன்றாவது சொல்தான் முக்கியம்!

இதனால் தொழில் செத்ததா? 1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு வரி ஏறிற்று. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். சிவகாசியிலே பற்றிய நெருப்பு சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவிற்று. மழை பொய்த்தால் பருத்தியும் சோளமும் பொய்க்கும் மானாவாரி மண்ணிலே அடுப்பெரிய வைத்த அந்தத் தொழில், தடைச் சட்டத்துக்குப் பிறகு பிறந்த தொழில்! (பிஞ்சு விரல்களைத் தீப்பெட்டித் தொழிலிலிருந்து விலக்கும் சட்டத்துக்கு 1938 வரை காத்திருந்தோமே, அந்த வெட்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.)

அம்மையாரோ 1889-இல் பிரம்மஞான சபைக்குள் புகுந்தார்; 1893-இல் இந்தியா வந்தார்; 1917-இல் காங்கிரசுத் தலைவரானார்; 1933-இல் அடையாற்றிலே மறைந்தார். பகுத்தறிவுக்கு அது இழப்பு என்பதே நம் கருத்து.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தைத் தடுத்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே வேண்டும் என்றது. புகை குறையட்டும், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மாற்றுக் கலவை தொழிலாளியின் கைக்கு வந்து சேருமுன் தடை வந்துவிட்டது. சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த மாதங்களின் கூலியை யார் கொடுத்தார்கள்? 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் வெளிநாட்டிலிருந்து வரக்கூடாது என்று ஒன்றிய அரசு ஆணையிட்டது 2023 ஜூனில்தான். 1913-இன் சட்டத்திலேயே இறக்குமதித் தடை இருந்தது. குப்பையில் மட்காத பிளாஸ்டிக் லைட்டர் விஷயத்திலே அதைச் செய்ய ஏன் இத்தனை ஆண்டு?