அடா லவ்லேஸ் அம்மையார்

கைப்பேசி ஒன்றினுள் பாட்டு ஒலிக்கிறது, படம் தோன்றுகிறது, வங்கிக் கணக்கும் நடைபெறுகிறது. பொறி ஒன்றே, பணிகளோ பல. பணிக்கேற்ப மாறுவது, பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொடரே ஆகும். அதனை மென்பொருள் என்கிறோம். மின்விளக்கு வீடுகளுக்கு வந்து சேராத காலத்திலேயே இவ்வுண்மையைக் கண்டு எழுதிவைத்தார் ஆங்கில நாட்டுப் பெருமாட்டி ஒருவர். அவரே அடா லவ்லேஸ் அம்மையார்.

அடா 1815-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார், கவிஞராகப் புகழ்பெற்ற பைரன் பிரபு. குழந்தை பிறந்து ஐந்து வாரங்களில் தாயார் கணவரைப் பிரிந்தார். பைரனும் சில திங்களில் நாட்டைவிட்டு நீங்கினார். 1824-இல் கிரேக்க நாட்டில் இறக்கும்வரை அவர் மகளைப் பின்னர்க் கண்டாரில்லை. தந்தையின் கட்டற்ற மனப்போக்கு மகளுக்கும் வந்துவிடுமோ என அஞ்சிய தாயார், கணிதமே அதற்கு மருந்து எனக் கருதி, ஆசிரியர்களை வீட்டிற்கே வருவித்தார். அந்நாளில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களை ஏற்கவில்லை. ஆயினும் கணிதத்தால் கற்பனை அடங்கிவிடவில்லை. பன்னிரண்டு வயதில் அடா பறவைச் சிறகுகளை ஆராய்ந்து, பறக்கும் பொறி செய்ய எண்ணினார்! 1829-இல் தட்டம்மை கண்டு, கால்கள் வலுவிழந்து, நெடுநாள் படுக்கையில் கிடந்தார். ஊன்றுகோல் துணையுடன் நடந்த நாள்களிலும் படிப்பை விட்டாரில்லை.

1833-இல் அவர் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தார். பற்சக்கரங்களால் கணக்கிடும் பொறியின் ஒரு பகுதி பாபேஜின் இல்லத்தில் இருந்தது. வந்தோர் பலர் அதனை வேடிக்கைப் பொருளாகவே கண்டனர். பதினேழு வயது அடாவோ அதன் இயக்கத்தை உணர்ந்துகொண்டார். பின்னர்ப் பாபேஜ் இதனினும் பெரியதொரு பகுப்பாய்வுப் பொறியைத் திட்டமிட்டார். எண்களை வைக்கப் பண்டசாலை, கணக்கிட ஆலை, கட்டளையிடத் துளையிட்ட அட்டைகள் என அதற்கு உறுப்புகள் வகுத்தார். அட்டைமுறை, பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு தறியினின்று பெறப்பட்டது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பூவேலைக்குப் பயன்படும் துளையட்டைகளும் அவ்வகையினவே.

1835-இல் அடாவுக்குத் திருமணம் நிகழ்ந்தது. மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின்னரும், டி மார்கன் என்னும் பேராசிரியரிடம் உயர்கணிதம் கற்றார்.

பாபேஜ் 1840-இல் டூரின் நகருக்குச் சென்று தம் பொறியை விளக்கினார். அதனைக்கொண்டு மெனபிரேயா என்பார் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1842-இல் வெளிவந்தது. அடா அதனை ஆங்கிலத்தில் பெயர்த்ததோடு, தம் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் மூலத்தினும் மும்மடங்கு நீண்டன! 1843-இல் அவை அச்சேறியபோது, தம் பெயரின் முதலெழுத்துகள் மூன்றை மட்டுமே இட்டார்.

பெர்னூலி எண்கள் எனப்படுபவற்றைப் பொறி எவ்வாறு படிப்படியாகக் கணக்கிடும் என்பதை அவற்றுள் ஓர் அட்டவணை காட்டுகிறது. அதன் இயற்கணிதத்தைத் தாமே வகுத்தளித்ததாகவும், அதிலிருந்த பெரும்பிழை ஒன்றை அடா கண்டுபிடித்ததாகவும் பாபேஜ் பிற்காலத்தில் எழுதினார். அச்சான அட்டவணையிலும் ஒரு படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம்மாறியுள்ளன. எனவே அட்டவணையில் யார் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு இன்றும் உண்டு. ஆனால் அடாவின் பெருமை அவ்வட்டவணையில் மட்டும் இல்லை. பாபேஜ் எண்களைக் கண்ட இடத்தில் அடா குறியீடுகளைக் கண்டார். ஒலிகளின் உறவை விதிகளாக்கித் தந்தால் பொறி இசையும் அமைக்கும் என்றார். அதே வேளையில், பொறி தானாக எதனையும் தோற்றுவிக்காது. நாம் கட்டளையிட அறிந்ததையே செய்யும் என்றும் வரையறுத்தார். 1950-இல் ஆலன் டூரிங், பொறி சிந்திக்குமா என ஆராய்ந்தபோது, இக்கருத்தை எடுத்துக்கொண்டு விடையிறுக்க வேண்டியிருந்தது.

பாபேஜ், அரசின்மீது தமக்கிருந்த குறையைப் பெயரிடாமல் எழுதி, அக்கட்டுரையுடன் வெளியிட விரும்பினார். அடா மறுத்துவிட்டார். நட்பு முறியவில்லை.

பகுப்பாய்வுப் பொறி கட்டப்படவேயில்லை. அடாவின் இறுதி ஆண்டுகள் குதிரைப் பந்தயக் கடனாலும் நோயாலும் துயருற்றன. புற்றுநோயால் 1852 நவம்பர் 27-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் இறந்தார். அவர் விரும்பியவாறே, நினைவறியாப் பருவத்தில் பிரிந்த தந்தையின் அருகில், ஹக்னால் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மின்னணுக் கணிப்பொறிகள் தோன்றிய பின், 1953-இல் அவருடைய குறிப்புகள் மீண்டும் அச்சாயின. 1980-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தரப்படுத்திய கணிப்பொறி மொழி அடா எனப் பெயர் பெற்றது. அத்தரத்திற்கு இடப்பட்ட எண், அவர் பிறந்த ஆண்டாகிய 1815.