செகண்ட் ஹேண்ட் ஜைரோபிளேன் வாங்கப் போறீங்களா? முதலில் ஹுவான் டி லா சியர்வாவைத் தெரிஞ்சுக்கோங்க!

செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கப் போனால் என்ன செய்வோம்? ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்போம், செயினைப் பார்ப்போம், ஆர்.சி. புக்கைப் புரட்டுவோம், கடைசியில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போம். ஒற்றை இருக்கை ஜைரோபிளேன் வாங்கும் புதியவருக்கு அந்தக் கடைசி வசதி கிடையாது. கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இன்னொரு சீட்டே இல்லையே!

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இந்தச் சின்ன பறக்கும் இயந்திரங்கள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும் என்று அனுபவசாலிகளிடம் ஒரு லிஸ்ட் உண்டு. அந்த லிஸ்டில் பல விஷயங்கள் ஒரே மனிதரின் தோல்விகளில் இருந்து வந்தவை. அவர்தான் ஸ்பெயினின் ஹுவான் டி லா சியர்வா.

ஜைரோபிளேன் என்றால் என்ன?

ஹெலிகாப்டரில் மேலே இருக்கும் ரோட்டரை எஞ்சின் சுற்றுகிறது. ஜைரோபிளேனில் எஞ்சின் புரொப்பெல்லரைச் சுற்றி வண்டியை நகர்த்துவதோடு சரி. பறக்கும்போது ரோட்டரைச் சுற்றுவது காற்று. பனை ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது சுற்றும் இல்லையா, கிட்டத்தட்ட அதே கதைதான். நடுவானில் எஞ்சின் நின்றாலும், இறங்கும்போது எதிரே வரும் காற்றில் ரோட்டர் சுழன்றுகொண்டே இருக்கும்.

உடைந்த விமானத்தில் தொடங்கியது

சியர்வா 1895 செப்டம்பர் 21 அன்று முர்சியாவில் பிறந்தார். அப்பா அமைச்சர் பதவி வரை போன பெரிய அரசியல்வாதி. பையனுக்கோ பறப்பதில்தான் கிறுக்கு. 1912ல், டீன் ஏஜில், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பிரெஞ்சு விமானியின் நொறுங்கிப்போன விமானத்தை வைத்து புது விமானம் ஒன்றை உருவாக்கினார். அதன் சிவப்பு நிறத்தால் 'நண்டு' என்று பெயர் வந்தது. அது பறக்கவும் செய்தது. ஆக, அவருடைய முதல் வெற்றியே ஒரு பழைய இயந்திரத்தில் இருந்து வந்ததுதான்.

1919ல் பெரிய அடி. அவர் வடிவமைத்த மூன்று எஞ்சின் விமானம், தாழ்வாகப் பறக்கும்போது வேகம் குறைந்து கீழே விழுந்தது. வேகம் போனால் இறக்கையின் தூக்குவிசையும் போய்விடும் என்பது எல்லா விமானங்களுக்கும் பொதுவான பிரச்சினை. அப்படியானால் வண்டி மெதுவாகப் போனாலும் இறக்கை மட்டும் வேகமாகச் சுற்றினால் என்ன? இந்தக் கேள்வியோடுதான் ஆட்டோஜைரோ வேலை ஆரம்பித்தது.

கீல் சொல்லும் பாடம்

முதல் மூன்று வடிவங்களும் சரியாகப் பறக்கவில்லை. காரணம், முன்னோக்கிச் சுழலும் இறக்கைக்குக் காற்றின் வேகம் அதிகம், பின்னோக்கிப் போகும் இறக்கைக்குக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் வண்டி சாயத்தானே செய்யும்? ஆனா, அவர் செய்த சின்ன மாதிரி மட்டும் அழகாகப் பறந்தது. அதன் இறக்கைகள் வளைந்து கொடுக்கும் பிரம்பால் ஆனவை. அதில்தான் விடை இருந்தது. ஒவ்வொரு இறக்கையும் மேலும் கீழும் அசையும்படி அடியில் கீல் வைத்தார். 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே ஹெடாஃபேயில் சி.4 பறந்தது. சில நாளில் இன்னொரு பறப்பின்போது எஞ்சின் நின்றது. வண்டி மெதுவாகத் தரை இறங்கியது, விமானிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்றைய சின்ன ஜைரோபிளேன்களில் பெரும்பாலும் இரண்டே இறக்கைகள்தான். நடுவில் ஒரு போல்ட்டில் சீசா மாதிரி ஆடும். சியர்வாவின் கீல் செய்த வேலையை அந்த ஒற்றை போல்ட் செய்கிறது. அதில் தேய்மானமோ துருவோ தெரிந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திடலாம்.

முறிந்த இறக்கை

1925ல் பிரிட்டனில் செய்து காட்டிய பறப்புக்கு நல்ல வரவேற்பு. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து தொழிலதிபர் ஜேம்ஸ் வெயரின் ஆதரவில் சியர்வா ஆட்டோஜைரோ கம்பெனி உருவானது. 1927ல் விமானி பிராங்க் கோர்ட்னி ஓட்டிய வண்டியில் இறக்கை முறிந்து பிரிந்தது. அவர் காயங்களோடு தப்பினார். சுழலும்போது இறக்கையின் அடிப்பகுதி முன்னும் பின்னும் வளைந்து வளைந்து உலோகம் சோர்ந்துபோகிறது என்பது புரிந்தது. அந்தத் திசையிலும் அசைய இன்னொரு கீல் வந்தது.

உலோகச் சோர்வு வெளியே தெரியாது. பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அதனால்தான் இறக்கை எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போதாவது தரையில் அடிபட்டதா என்று லாக் புக்கில் தேடச் சொல்கிறார்கள்.

விற்றது உரிமத்தை

1928 செப்டம்பரில் லண்டனில் இருந்து பாரிஸுக்கு, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி சியர்வாவே ஓட்டிப் போனார். அதன் பிறகு அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ் நிறுவனங்கள் உரிமம் வாங்கின. ஆரம்பத்தில் ரோட்டரைச் சுழலவிட கயிறு சுற்றி இழுத்தார்கள். 1934ல் வந்த சி.30ல் கிளட்ச் வழியாக எஞ்சினே தரையில் அந்த வேலையைச் செய்தது. ரோட்டரையே சாய்த்து திசை மாற்றும் முறையும் அதில் இருந்தது. போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு உழைத்த சி.30களில் மிஞ்சிய சில, பிறகு தனியாருக்கு செகண்ட் ஹேண்டில் விற்கப்பட்டன.

வண்டியை விற்றால் போதாது, ஓட்டக் கற்றுத்தரவும் வேண்டும் என்பதால் 1932ல் ஹான்வொர்த்தில் ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது கம்பெனி.

பனிமூட்டத்தில் முடிவு

1936 ஜூலையில் ஜெனரல் பிராங்கோவை கேனரி தீவுகளில் இருந்து அழைத்துப்போன விமானத்தை லண்டனில் வாடகைக்கு ஏற்பாடு செய்ய உதவியவர்களில் சியர்வாவும் ஒருவர். உள்நாட்டுப் போரில் அவர் எடுத்த பக்கம் ஸ்பெயினில் இன்றும் விவாதத்துக்குரியது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, லண்டன் குராய்டனில் கே.எல்.எம். பயணிகள் விமானத்தில் ஏறினார். கடும் பனிமூட்டத்தில் கிளம்பிய விமானம் ஒரு வீட்டில் மோதி நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 41.

அவர் விட்டுப்போன எச்சரிக்கை

1950களில் அமெரிக்காவில் இகோர் பென்சன், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஒற்றை இருக்கை ஜைரோகாப்டர் கிட்களை விற்றார். பயிற்சி இல்லாமலே பலர் கட்டி, பறந்து, உயிரையும் விட்டார்கள். கிடைமட்ட வால் இல்லாத பழைய வடிவங்களில், குச்சியைச் சட்டென முன்னால் தள்ளினால் ரோட்டர் மேல் இருக்கும் பாரம் போய்விடும். ரோட்டர் வேகம் இழக்கும், வண்டி முன்பக்கமாகக் கவிழும். அந்த நிலையில் மீள்வது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அமெரிக்காவில் 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்கும் ஒற்றை இருக்கை அல்ட்ராலைட்டுக்கு பைலட் லைசென்ஸ் தேவையில்லை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பயிற்சியை விட்டால், காற்று அந்தச் சலுகையைத் தராது.

அதனால் வாங்குபவர் முதலில் இரண்டு இருக்கை வண்டியில் பயிற்சியாளரோடு பறந்து பழகணும். வால் இருக்கிறதா, போல்ட்டும் இறக்கையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்கணும். விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. ரோட்டர் அடிபட்டிருந்தால் மறைக்காமல் சொல்லணும், லாக் புக்கை வண்டியோடு கொடுத்துடணும். லாக் புக் இல்லையென்றால்? விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ரோட்டரை நம்பிப் பறக்க வேண்டாம்.